இணையவழி ஆசிரியர் பயிற்சி: செலவும் இடரும் யார் தலையில்?

ஆசிரியர்களைக் கணினி, கைப்பேசி, இணையம், தொலைக்காட்சி ஆகியவற்றின் வழியாகப் பயிற்றுவிப்பதையே தொழில்நுட்பவழி ஆசிரியர் பயிற்சி என்கிறோம். அது ஏன் வேரூன்றவில்லை என்று கேட்டால், ஆசிரியர்கள் புதியதை ஏற்க மறுக்கிறார்கள் என்பதே அதிகார வட்டாரங்களின் வழக்கமான விடை. நாம் அதை ஏற்பதற்கில்லை. கருவியின் செலவும், படிப்பதற்கான நேரமும், சான்றிதழ் செல்லாமல் போகும் இடரும் கடைநிலை ஆசிரியர்மீது சுமத்தப்படுவதே பெருந்தடை என்பதைப் பல நாடுகளின் அனுபவம் காட்டுகிறது.

பெரு நாடு 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பள்ளிகளுக்கு வழங்கியது. ஆசிரியர்களுக்குத் திட்டமிடப்பட்ட பயிற்சியோ வெறும் 40 மணி நேரம். மலைக்கிராமப் பள்ளிகள் பலவற்றில் இணையம் கிடையாது. கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ மாணவர் முன்னேற்றத்துக்குச் சான்றில்லை என 2012இல் அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வு தெரிவித்தது. வங்கதேசம் வேறு வழியில் சென்றது. 2008 முதல் 2017 வரை நடந்த ஆங்கிலப் பயிற்சித் திட்டத்தில், பாடங்களின் ஒலி, காணொளிப் பதிவுகள் நினைவக அட்டையில் ஏற்றப்பட்டு, சாதாரணக் கைப்பேசிகள் வழியே ஆசிரியர்களைச் சென்றடைந்தன. இணையம் இல்லாத ஊரிலும் அவை இயங்கின. எளிய கருவிதான், ஆனால் ஆசிரியரின் நிலைமையிலிருந்து திட்டமிடப்பட்டது.

இந்தியாவில் சிக்கல் சட்ட வடிவமும் எடுத்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியைக் குறிக்கிறது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், பணியிலிருந்த பயிற்சி பெறாத ஆசிரியர்கள் 2019 மார்ச் 31க்குள் அத்தகுதியைப் பெற வேண்டும் என்றது. இதற்காகத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், ‘ஸ்வயம்’ இணையதளம், தொலைக்காட்சி அலைவரிசை, நேர்முக வகுப்புகள் ஆகியவற்றின் வழியே தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பை நடத்தியது. சுமார் 13 இலட்சம் பேர் பதிந்தனர். ஈராண்டுப் படிப்பு 18 மாதங்களாகச் சுருக்கப்பட்டது.

அரசே வகுத்த அந்தச் சுருக்கமே பின்னர் ஆசிரியர்களுக்கு எதிராகத் திரும்பியது. 18 மாதப் பட்டயம் புதிய நியமனத்துக்குச் செல்லாது என 2019இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் பீகார் அரசுக்குத் தெரிவித்தது. 2020 ஜனவரியில் பாட்னா உயர் நீதிமன்றம் ஆசிரியர்கள் பக்கம் நின்றது. 2023 நவம்பரில் ஜெய்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்பட்டயம் ஈராண்டுப் பட்டயத்துக்கு இணையாகாது என்றது. 2017 ஆகஸ்ட் 10 அன்று பணியிலிருந்து, உரிய காலத்தில் படிப்பை முடித்தவர்களுக்கு அது செல்லும் என்ற தெளிவு 2024 டிசம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வழக்குச் செலவைத் தாங்க முடியாதவர் என்ன செய்திருப்பார்? முதல் தலைமுறைப் பட்டதாரியான ஒரு தலித் பெண்ணுக்கு, குறைந்த ஊதியத் தனியார் பள்ளி வேலையே பல நேரங்களில் கிடைக்கும் முதற்படி. அவ்வேலையில் விடுப்பு எடுத்து நீதிமன்றம் செல்வது எளிதன்று.

இணைய வசதியும் சமமாக இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஊரகப் பெண்களில் 24.6 விழுக்காட்டினரே எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்தியுள்ளனர். ஊரக ஆண்களில் 48.7 விழுக்காட்டினர். விடுதியில் தங்கிப் பயிலும் மாணவியருக்குக் கைப்பேசிக் கட்டுப்பாடு வேறு. அப்படியொரு கட்டுப்பாட்டை எதிர்த்த வழக்கில், இணைய அணுக்கம் கல்வி உரிமையின் பகுதி எனக் கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஆசிரியர் பயிற்சி மாணவியரும் அத்தீர்ப்பைச் சுட்டிக்காட்டி வாதிடலாம்.

உள்ளடக்கம் பற்றியும் ஒரு சொல். கழிவறையைத் தூய்மை செய்ய எந்தக் குழந்தை அனுப்பப்படுகிறது, யார் எங்கே அமர்த்தப்படுகிறார் என்பவற்றை ஆசிரியர் உணர்வதற்கு உரையாடலும் எதிர்க்கேள்வியும் வேண்டும். காணொளி முடிந்ததும் சரியான விடையைச் சொடுக்கும் பயிற்சியில் இவற்றுக்கு இடமில்லை.

இணையவழிப் படிப்பில் சேர எண்ணுவோர், 1993ஆம் ஆண்டு ஆசிரியர் கல்விக் குழுமச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்கீழ் அப்படிப்புக்கு அங்கீகார ஆணை உண்டா, அதில் குறிக்கப்பட்ட காலஅளவு எவ்வளவு, பணியிலிருப்போருக்கு மட்டுமானதா என மூன்றையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கான கருவி, இணையச் செலவுகளுக்கு எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது என்பதை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ் கேட்கலாம்.