நிலத்தில் நின்ற கப்பல்கள்

போருக்குச் சென்ற ஒருவன் மீளானாயின், அவன் எங்கே, எவ்வாறு மாண்டான் என்பதை அறிந்தாலன்றி அவன் சுற்றத்தாருடைய உள்ளம் அமைதி பெறாது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பகுதியிற் சேர்ந்து உயிர்நீத்தாரை அவர்தம் மக்களும் பேரன்மாரும் இன்றும் தேடி வருகின்றனர். அத்தேடலில் நேரும் ஓர் இடர்ப்பாட்டை ஈண்டுக் கூறப் புகுந்தோம். அது நம் மண்ணோடும் மொழியோடும் தொடர்புடையது.

கடற்படை வீரன் பணிசெய்த இடம் அவனுடைய பணிக்குறிப்பில் கப்பற்பெயராலேயே எழுதப்பட்டிருக்கும். 'கருடா' என்னும் பெயரைக் கண்ட உறவினர், அக்கப்பல் எக்கடலில் மூழ்கியதென ஆராயத் தொடங்குவர். 'கருடா'வோ ஒருநாளும் கடலைக் கண்டதில்லை! கரையிலுள்ள நிலையங்களுக்கும் கப்பலுக்கு இடுவது போலப் பெயரிடுதல் அப்படையின் வழக்கு. விமான நிலையங்கள் பலவற்றிற்குப் பறவைப்பெயர் சூட்டினர். 'கருடா' என்பது விமானங்களைப் பழுதுபார்த்த கோயம்புத்தூர் நிலையம். 'வைரி' என்பது சூலூர். 'வல்லூரு' என்பது தாம்பரம். 'இராஜாளியா' என்பது இலங்கையிலுள்ள புத்தளம். வைரியும் வல்லூறும் நம்மனோர் அறிந்த வேட்டைப் பறவைகளன்றோ? நமக்கு எளிதின் விளங்கும் இச்சொற்களின் பொருளறியாமையால், நிலத்தில் இருந்தவனை அயல்நாட்டார் கடலில் தேடுவாராயினர்.

மெய்யான கப்பலின் பெயரே காணப்படினும் ஐயம் தீர்ந்துவிடாது. 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். ஆயினும் அன்று அதில் விமானம் ஒன்றேனும் இல்லை. அதற்குரிய 814-ஆம் அணியின் விமானங்கள் திருக்கோணமலையை அடுத்த சீனன்குடாவில் தரையில் நின்றன. அதற்கு நான்கு நாள் முன்னர், சீனன்குடாவினின்று இரத்மலானை நோக்கிச் சென்ற 788-ஆம் அணியின் ஆறு 'ஸ்வார்ட்ஃபிஷ்' விமானங்கள் வழியிலேயே சுட்டு வீழ்த்தப்பட்டன. ஒரே கிழமையில் மாண்டாருள்ளும் ஒருவர் முடிவு கப்பலில், ஒருவர் முடிவு வானத்தில்!

ஆதலின் கப்பற்பெயர் ஒன்றையே பற்றுக்கோடாகக் கொள்ளாது, அணியின் எண், நாள், விமானத்தின் எண் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கல் வேண்டும். அணிகளின் நாட்குறிப்புகள் பல இலண்டனைச் சார்ந்த கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கல்லறை காணாத விமானப் பகுதியினரின் பெயர்கள், இங்கிலாந்தின் தென்கரையில் லீ-ஆன்-சோலன்ட் என்னும் ஊரிலுள்ள நினைவுச்சின்னத்திற் பொறிக்கப்பட்டுள்ளன.

நம் முன்னோர் நட்ட நடுகற்களை நினைமின். மாண்டவன் பெயர், அவன் ஊர், அவன் வீழ்ந்த பூசல் ஆகியவற்றைக் கல்லில் எழுதிவைத்தமையாலன்றோ, ஆயிரம் ஆண்டு கடந்தும் அவனை அறிகின்றோம்? நம் சங்கத்துக் குடும்பங்களிலும் போருக்குச் சென்றார் இருப்பின், பெட்டியடியிற் கிடக்கும் கடிதத்தையும் பதக்கத்தையும் வெளியே எடுமின். முதியோர் நம்முடன் உள்ளபோதே நாளும் ஊரும் கேட்டு எழுதிவைமின். பிற்காலத்தார் நம்மவரை வேற்றுக் கடலில் தேடும் நிலை நேராதிருப்பதாக!