ஓடுகிறவர் யாருடையவர்? காலிக் கேலரிகளின் வரலாறு

மாவட்டத் தடகளப் போட்டிக்கு ஒருமுறையாவது போன தோழர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். களத்தில் சில நூறு பேர் இருப்பார்கள். கேலரியில் பயிற்சியாளர்கள், அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், பை பார்த்துக்கொள்ள வந்த ஓரிரு அம்மாக்கள், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "நம்ம ஜனங்களுக்கு கிரிக்கெட்டை விட்டா ஒண்ணும் தெரியாதுங்க." மக்களுக்கு ரசனை இல்லை, அறிவு பத்தாது என்ற தீர்ப்பைப் படிப்பு, இசை, உணவு என்று எல்லாவற்றிலும் கேட்டுப் பழகியவர்கள் நாம். அதனால்தான் இந்தப் பதிலையும் சந்தேகப்படுகிறோம்.

சந்தேகத்துக்கு நல்ல சான்று ஜமைக்காவில் இருக்கிறது. 2025 ஏப்ரல் தொடக்கத்தில் கிங்ஸ்டன் நகரின் தேசிய மைதானத்தில் 'கிராண்ட் ஸ்லாம் டிராக்' என்ற புதிய தொழில்முறைத் தொடர் ஆரம்பமானது. அதைத் தொடங்கியவர் 1996 ஒலிம்பிக்கில் 200, 400 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற மைக்கேல் ஜான்சன். ஒலிம்பிக் பதக்கக்காரர்கள் ஓடினார்கள், பிரிவில் முதலிடத்துக்கு 1 லட்சம் டாலர் பரிசு. ஆனால் கேலரியின் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. அந்தத் தொடர் நான்காவது நகரமான லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகாமலே நின்றது. ஓடியவர்களுக்குப் பரிசுப் பணம் பாக்கி நின்ற செய்திதான் மிச்சம்.

உசைன் போல்ட்டைப் பெற்ற ஊரிலேயே ஓட்டம் பார்க்க ஆளில்லையா? அதற்குச் சில நாட்கள் முன்பு, அதே மைதானத்தில், பள்ளிப் பிள்ளைகளின் போட்டிக்குக் கூட்டம் அலைமோதியது. 'சாம்ப்ஸ்' என்று அழைக்கிறார்கள். 1910இல் தொடங்கியது. ஐந்து நாள் நடக்கும். கடைசி நாளில் முன்னாள் மாணவர்கள், தாத்தாக்கள், காய்கறி விற்கிறவர்கள் எல்லாரும் பள்ளியின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, மேளம் கொட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இந்தக் கூட்டம் எப்படி உருவானது என்பதுதான் நமக்கு முக்கியம். ஆரம்ப ஆண்டுகளில் சாம்ப்ஸை வென்றவை வசதி படைத்தோரின் பிள்ளைகள் படித்த பழைய பள்ளிகள். உயர்நிலைக் கல்வி என்பதே நிறத்தையும் பணத்தையும் பார்த்துக் கிடைத்த காலம் அது. 1925இல் வசதியற்ற வீட்டுப் பையன்களை மனதில் வைத்து கிங்ஸ்டன் காலேஜ் என்ற பள்ளி தொடங்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற 1962இல் தொடங்கி 1975 வரை தொடர்ந்து 14 ஆண்டுகள் சாம்ப்ஸ் பட்டம் அந்தப் பள்ளிக்குத்தான். எதிரே கலபார் போன்ற பள்ளிகள் நின்றன. கேலரியில் உட்கார்ந்தவர் 10.2 விநாடியா 10.3 விநாடியா என்று பார்க்க வரவில்லை. நம்ம பள்ளி, நம்ம தெரு, நம்மைப் போன்ற வீட்டுப் பையன் ஜெயிக்கிறானா என்று பார்க்க வந்தார்.

தடகளத்துக்குக் கூட்டம் வராததல்ல. ஓடுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் இடையிலிருந்த கயிறு அறுக்கப்பட்டது. அறுத்தவர்கள் யார் என்பதற்கும் வரலாறு இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓட்டப் பந்தயம் உழைக்கும் மக்களின் கேளிக்கை. சுரங்கத் தொழிலாளியும் நெசவாளியும் பந்தயப் பணத்துக்கு ஓடினார்கள். மதுக்கடைக்காரர்கள் ஏற்பாடு செய்தார்கள், ஆயிரக்கணக்கில் காசு கொடுத்துப் பார்த்தார்கள். 1861இல் அமெரிக்கப் பழங்குடியான செனெகா இனத்தைச் சேர்ந்த லூயிஸ் பென்னட், 'டீர்ஃபுட்' என்ற பெயரில் இங்கிலாந்து வந்து ஓடியபோது லண்டனில் அவரைப் பார்க்கக் கூட்டம் முட்டியது. இளவரசரே வந்து பார்த்தார். அவரை விளம்பரப்படுத்தியது காட்டுவாசியைக் காட்சிப்பொருளாக்கும் விதத்தில்தான் என்பதை மறக்க வேண்டாம். சூதும், முன்கூட்டியே முடிவு பேசிய பந்தயங்களும் அங்கே உண்டு. நாம் அந்தக் காலத்தைப் புனிதமாக்கவில்லை. ஆனால் கேலரி நிறைந்திருந்தது.

1860களில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் படித்த கனவான்கள் தங்களுக்கென்று அமெச்சூர் அத்லெடிக் கிளப்பை அமைத்தார்கள். யார் அமெச்சூர் என்பதற்கு அவர்கள் வகுத்த விதி, பணத்துக்காக ஓடியவரை விலக்கியதோடு நிற்கவில்லை. மெக்கானிக், கைவினைஞர், கூலித் தொழிலாளி ஆகியோர் அமெச்சூர் ஆகவே முடியாது என்றது. வாழ்நாளில் ஒரு பைசா பரிசு வாங்காதவராக இருந்தாலும், கையால் உழைத்துப் பிழைக்கிறவர் என்பதாலேயே அவர் தகுதி இழக்கிறார். என்ன செய்தார் என்பதை வைத்து அல்ல, என்ன தொழிலில் இருக்கிறார் என்பதை வைத்து ஒருவரை விலக்குவது! நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1880இல் புதிய அமெச்சூர் சங்கம் வந்தபோது அந்தத் தொழிலாளர் விலக்கு நீக்கப்பட்டது. பணம் வாங்கக் கூடாது என்ற விதி நீடித்தது. அதுவும் வேறு வழியில் அதே விலக்குதான். சம்பளம் விட்டு ஓட முடிந்தவரே ஓடலாம். 1912 ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வென்ற பழங்குடி வீரர் ஜிம் தோர்ப், அதற்கு முன்பு பேஸ்பால் ஆடிச் சொற்பக் காசு வாங்கியதற்காகப் பதக்கங்களை இழந்தார். அதே இங்கிலாந்தில் கால்பந்து 1885லேயே தொழில்முறை ஆட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆலைத் தொழிலாளி சம்பளம் வாங்கிக்கொண்டு தன் ஊர் அணிக்கு ஆடினான். சனிக்கிழமை மதியம் அவனுடைய ஊரே வந்து நின்றது. தடகளம் 1980களில்தான் ஓடுபவருக்கு வெளிப்படையாகப் பணம் போய்ச்சேர வழி திறந்தது. நூறு வருஷம் கால்பந்துக்கு விட்டுக்கொடுத்த இடத்தை ஒரு பரிசுத் தொகையை அறிவித்து மீட்டுவிட முடியுமா?

இந்தியாவுக்குத் தடகளம் இந்த அமெச்சூர் உடுப்போடுதான், படைப்பிரிவுகள் வழியாகவும் கல்லூரிகள் வழியாகவும் வந்தது. கிரிக்கெட்டும் கனவான்களின் ஆட்டமாகத்தான் வந்தது. ஆனால் பம்பாயில் அது சமூகங்களின் மோதலாக மாறியது. ஐரோப்பியர், பார்சி, இந்து, பின்னர் முஸ்லிம், 1937 முதல் 'மற்றவர்கள்' என்று அணிகள் மோதிய போட்டிகளுக்கு நகரமே திரண்டது. மதவாரியான அந்தப் போட்டியைக் காந்தி எதிர்த்தார், 1946க்குப் பிறகு அது நின்றும் போனது. நாமும் அதற்காக ஏங்கவில்லை. ஆனால் அந்த இந்து அணியில்தான் சமார் வகுப்பில் பிறந்த பல்வங்கர் பாலு பந்து வீசினார். பூனாவில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு மைதான வேலை பார்த்தவர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். ஆட்ட இடைவேளையில் அவருக்குத் தேநீர், பெவிலியனுக்கு வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில். தலைமைப் பொறுப்பு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1923இல் அவருடைய தம்பி விட்டல்தான் கேப்டன் ஆனார். அந்த இடத்துக்காக நடந்த வாக்குவாதம் ஊரறிந்த அரசியலாக இருந்தது. கேலரியில் இருந்தவர்களுக்குப் பந்தும் தெரிந்தது, பந்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்தது.

நம் தடகளத்தில் யார் யாரோடு மோதுகிறார்கள்? தேசியப் போட்டியில் பனியனைப் பாருங்கள்: ரயில்வேஸ், சர்வீசஸ், போலீஸ். மில்கா சிங் ராணுவம், பி.டி. உஷா ரயில்வே. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய நம் ரேவதி வீரமணிக்கும் ரயில்வே வேலை. இந்த வேலைகளை நாம் குறை சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் இருபது வயதிலேயே ஸ்பைக்ஸைக் கழற்றி வைத்திருப்பார்கள். ஆனால் 'ரயில்வேஸ் ஜெயிக்கணும்' என்று எந்தத் தெரு கத்தும்? நாடு நாட்டோடு மோதியபோது கூட்டம் வந்தது. 1960 லாகூரில் மில்காவும் அப்துல் காலிக்கும் ஓடியபோது மைதானம் நிரம்பியது. பள்ளி பள்ளியோடு மோதும் கேரளத்தில், கோதமங்கலத்தின் இரண்டு பள்ளிகளுக்கிடையே இருந்த போட்டியைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின.

நடத்தும் முறையும் சேர்ந்துகொள்கிறது. வேலை நாளில், காலை ஆறரைக்கு ஹீட்ஸ். வேடிக்கை பார்க்கப் போனால் கூலிக்காரருக்கு ஒருநாள் சம்பளம் போச்சு. ஒரே நேரத்தில் ஒரு மூலையில் குண்டு எறிதல், மறுமூலையில் நீளம் தாண்டுதல், நடுவில் ஓட்டம். மைக்கில் இங்கிலீஷ். முடிவைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள், அதுவும் அதிகாரிகள் அறைக்குப் பக்கத்தில். யார் முதலில் வந்தார் என்று தெரியாமலே எழுந்து போகும் பார்வையாளரை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். இது பார்வையாளரை மனதில் வைத்து நடத்தும் போட்டி அல்ல, சான்றிதழ் கொடுப்பதற்காக நடத்துவது.

இதற்கு மேலே சாதி. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். சில நாட்களில் பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் உடலைப் பற்றிய செய்தி டிவியில் ஓடியது. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் தந்தது. ஆனால் இந்தியாவின் விளையாட்டு அமைப்புகள் அவருக்காக வழக்காடவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவர் சூளையில் கூலி வேலை செய்கிறார் என்ற செய்தி வந்தது. வெகு போராட்டத்துக்குப் பிறகே அரசுப் பயிற்சியாளர் பணி நிரந்தரமானது.

மூன்றாண்டு கழித்து, 2009இல், தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு இதே 800 மீட்டரில் இதே சோதனை நடந்தது. அவர் பெர்லினிலிருந்து திரும்பிய நாளில் ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் பாட்டும் ஆட்டமுமாகத் திரண்டார்கள், வின்னி மண்டேலாவும் வந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் அதுவரை ஒரு தடகளப் போட்டியை மைதானத்தில் பார்த்திருப்பார்கள்? அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. எங்கள் பெண் என்று தெரிந்தது, போனார்கள். 2018இல் ஹிமா தாஸ் உலக ஜூனியர் தங்கம் வென்றபோது இந்தியாவில் பலர் இணையத்தில் தேடியது அவருடைய சாதியை.

நம் ஊர்களில் விடிய விடிய கபடி பார்க்க ஜனம் மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. டியூப் லைட் வெளிச்சம், ஊர்ப் பெயர் எழுதிய பனியன், மைக்கில் தமிழில் ஒரு அண்ணன். அடுத்த மாவட்டத் தடகளப் போட்டியில் சேரியிலிருந்து எந்தப் பிள்ளை எந்த நிகழ்வில், எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று அந்தத் தெருவில் ஒரு தட்டியில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும் என்று தோழர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் இறுதிப் போட்டிகளை வைக்கச் சொல்லி மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதினால் போதும்.