மடுக்காடும் யானையின் விலையும்

ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒறுத்த காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து மாதாவின் திருவுருவத்துடன் புறப்பட்டோர் தஞ்சம் புகுந்த காடே மடு என்பது மரபு. மனிதருக்குப் புகலளித்த அக்காடு, தன்னிடத்து வாழ்ந்த யானைகளுக்கு எத்தகைய இடமாக இருந்தது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வன்னிமைகள் போர்த்துக்கேயருக்கும், பின்னர் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகச் செலுத்தின. அவை யாழ்ப்பாணத்தில் விலைபேசப்பட்டுக் கடல் கடந்து இந்தியா சென்றன. இறந்த யானைக்கு அவ்வணிகத்தில் விலையில்லை. ஆகவே அதனை உயிருடன் பிடித்தனர். இதனை அருள் என்று கொள்ளுதல் தவறு. வெறும் வணிகக் கணக்கே அது.

பிரித்தானியர் ஆட்சியில் அக்கணக்குத் தலைகீழாயிற்று. யானை பயிரழிக்கும் பகையெனக் கருதப்பட்டு, கொல்லப்பட்ட ஒவ்வொன்றுக்கும் அரசு சில சிலிங்குகளைப் பரிசாக வழங்கிற்று. மன்னாரையும் உள்ளடக்கிய வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848இற்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என எமெர்சன் தெனன்ற் எழுதுகின்றார். நாளொன்றுக்கு மூன்றுக்கு மேல்! இலங்கை யானைகளுள் தந்தமுடையவை மிகச் சிலவே. எனவே இக்கொலைக்குத் தந்தத்தையும் காரணங்காட்ட இயலாது.

விளைந்த வயலை ஓரிரவில் இழந்த கமக்காரனின் சினத்தை நாம் குறை கூறோம். ஆயின் பரிசுப்பணம் வயலுக்கு வந்த யானையையும் வயலையே காணாத யானையையும் வேறுபடுத்தவில்லை. பாலை, வீரை, விளா முதலியவற்றின் கனியுண்டு வித்தைத் தொலைவிற் பரப்புவது யானை. அது முறித்த கிளையின் தழை மானுக்கும் மரைக்கும் எட்டும். கோடையில் ஆறு வற்றியவிடத்து அது மணலில் தோண்டிய குழியிற் பிற விலங்குகளும் நீருண்ணும். யானையைக் கொன்றோர் இத்தொழில்களையும் உடன் அழித்தனர் எனலாம்.

1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டைக்கு வரம்பிட்டது. 1968இல் மடுவீதிச் சரணாலயம் அமைந்து, 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. எனினும் இலங்கையின் காட்டோரங்களில் இன்று துப்பாக்கியினும் கொடியதொன்று புகுந்துள்ளது. இறைச்சிக்காகப் பன்றிக்கென உணவினுள் மறைத்து வைக்கும் ‘ஹக்கப்பட்டாஸ்’ என்னும் வெடியை இளம் யானைகள் கடிக்கின்றன. தாடை சிதைந்த யானை உண்ணவியலாது பல நாள் வருந்தி இறக்கின்றது. பண்டைய வேடன் தான் எய்த விலங்கை நேரிற் கண்டான்; வெடி வைத்தவனோ அவ்விடத்தில் இருப்பதில்லை.