டென்மார்க் அரசைக் கவிழ்த்த யாழ்ப்பாணத்துக் கோவைகள்

நமது பாடசாலை வரலாற்று நூல்களில் ஐரோப்பா வருவது கைத்தொழிற் புரட்சியாக, பிரெஞ்சுப் புரட்சியாக, இரண்டு உலக யுத்தங்களாக. அங்கே ஏதாவது நடக்கும். அதன் விளைவு இங்கே வந்து சேரும். போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் வரை யாழ்ப்பாணத்தில் ஏறி இறங்கிய கொடிகளைப் படித்து வளர்ந்த நமக்கு, வரலாறு அந்த ஒரே திசையில் ஓடுவதாகவே மனதில் பதிந்துவிட்டது. கடந்த நாற்பது வருட ஐரோப்பாவைப் பார்க்கும்போது இந்த எண்ணத்தைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1993 ஜனவரி 14ஆம் திகதி டென்மார்க்கின் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி துறந்தார். 1982 முதல் பத்து வருடங்களுக்கு மேலாக ஆட்சியிலிருந்தவர் அவர். தேர்தலில் தோற்றதனாலோ பொருளாதாரம் சரிந்ததனாலோ அவர் போகவில்லை. டென்மார்க்கில் இருந்த தம் கணவன்மாரிடமும் தந்தையரிடமும் போய்ச் சேருவதற்கு இலங்கையில் காத்திருந்த தமிழ்ப் பெண்கள், பிள்ளைகளின் கோவைகள்தான் அவரை வீட்டுக்கு அனுப்பின.

டென்மார்க் என்றதும் முஸ்லிம் வாசகருக்கு நினைவில் வருவது 2005 செப்டெம்பரில் ஒரு பத்திரிகை வெளியிட்ட கேலிச்சித்திரங்களும், அதன் பின் மத்திய கிழக்கில் டேனிஷ் பாற்பொருட்கள் பகிஷ்கரிக்கப்பட்டதும்தான். அந்த டென்மார்க்கை விளங்கிக்கொள்வதற்கும் இந்தப் பழைய கதை உதவும் என்று எண்ணியே எழுதுகிறேன்.

1983 ஜூலைக் கலவரத்தின் பின் வடக்கிலிருந்து இளைஞர்கள் புறப்பட்ட வழிகளை நம் ஊர்களில் அறியாதவர் இல்லை. அவற்றுள் ஒன்று, ஏரோஃப்ளொட் விமானத்தில் மொஸ்கோ ஊடாகக் கிழக்கு பேர்லின் போய், அங்கிருந்து மேற்கு பேர்லினுக்கு ரயிலில் கடப்பது. பேர்லின் சுவர் தம் நாட்டவர் வெளியேறாதிருக்கக் கட்டப்பட்டது. அந்நியர் வெளியேறுவதைக் கிழக்கு ஜேர்மனி தடுக்கவில்லை. மேற்கு ஜேர்மனியும் நகரின் நடுவே ஓடிய அந்தக் கோட்டைச் சர்வதேச எல்லையாக ஏற்காததால் அங்கே கடவுச்சீட்டுப் பரிசோதனை வைக்கவில்லை. இரண்டு வல்லரசு முகாம்களின் பிடிவாதத்துக்கு நடுவே கிடைத்த சந்து அது. 1985இல் மேற்கு ஜேர்மனியின் வற்புறுத்தலால் தமிழருக்கு அந்தச் சந்து அடைபடத் தொடங்கியது. கிழக்கு ஜேர்மனி ஊடாக டென்மார்க், சுவீடன் என்று வடக்கே போனவர்களும் இருந்தார்கள்.

டென்மார்க்கில் 1983இல்தான் புதிய அந்நியர் சட்டம் நிறைவேறியிருந்தது. அன்றைய ஐரோப்பாவில் மிகவும் தாராளமான சட்டங்களில் ஒன்றாக அது பேசப்பட்டது. அகதி என ஏற்றுக்கொள்ளப்பட்டவர் தம் மனைவியையும் வயது குறைந்த பிள்ளைகளையும் அழைப்பது அதன்படி அரசின் சலுகையன்று, சட்டம் கொடுத்த உரிமை. நம்மவர்கள் ஜட்லாந்துப் பகுதியின் சிறு நகரங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். மேற்குக் கரை மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தது. இந்து சமுத்திரத்து மீனைக் கருவாடாக்கத் தெரிந்த கைகள் வடகடல் மீனை வெட்டிப் பொதி செய்யப் பழகின. பெரும்பாலும் ஆண்கள் முதலில் போனார்கள். குடும்பம் பின்னால் வரும் என்பது ஏற்பாடு.

இதே வருடங்களில் ஐரோப்பா தனக்குள் சுவர்களை இடித்துக்கொண்டிருந்தது. 1985இல் ஷெங்கன் உடன்படிக்கை கைச்சாத்தானது. 1986இல், பொருளும் பணமும் சேவையும் மனிதரும் தடையின்றிச் செல்லும் தனிச் சந்தையை 1992 முடிவுக்குள் அமைப்பது என்று ஐரோப்பிய சமூக நாடுகள் ஒப்புக்கொண்டன. உலகமயமாக்கல் என்ற சொல் நம் பத்திரிகைகளுக்கு வருவதற்கு முன்பே அதன் வேலை தொடங்கிவிட்டது. ஆனால் உள்ளே கதவு திறக்கத் திறக்க வெளிக்கதவு தடித்தது. 1987 பெப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர் சிலர் தம் உடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். உரிய விசா இல்லாத பயணியை ஏற்றிவரும் விமானக் கம்பனிக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண் தண்டம் என்று பிரித்தானியா அவ்வருடமே சட்டம் இயற்றியது. விமான நிலையத்தில் டிக்கெட் பார்க்கும் பணியாளர் அன்றிலிருந்து எல்லைக் காவலருமானார்.

இப்போது கோவைகளுக்கு வருவோம். 1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. டென்மார்க்கின் நீதி அமைச்சர் எரிக் நின் ஹன்சன் அந்தச் செப்டெம்பரில், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கட்டின் அடியில் வைக்கும்படி அதிகாரிகளுக்குப் பணித்தார். ஒப்பந்தத்தால் சமாதானம் வருகிறது, இவர்கள் ஊருக்குத் திரும்பலாம், பின் ஏன் மனைவியையும் பிள்ளைகளையும் அழைக்க வேண்டும் என்பது அவர் பக்க நியாயம். அவர் பணித்த அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று இங்குள்ள எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒக்டோபர் 10இல் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் யுத்தம் மூண்டது. ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ் போதனா வைத்தியசாலைக்குள் வைத்தியர், தாதியர், நோயாளர் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கொப்பன்ஹேகனில் கோவைகள் அடியிலேயே இருந்தன.

நிராகரித்திருந்தால் கடிதம் ஒன்று வந்திருக்கும். கடிதம் வந்தால் மேன்முறையீடு செய்யலாம், சட்டத்தரணியிடம் போகலாம், பத்திரிகைக்கு எழுதலாம். கட்டின் அடியில் வைக்கப்பட்ட விண்ணப்பத்துக்கு எதுவும் வராது. மீன் தொழிற்சாலையில் நிற்கும் கணவன் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். இங்கே மனைவி தபாற்காரனைப் பார்த்திருப்பாள். சட்டம் எழுத்தில் அப்படியே இருக்கும். உரிமை மட்டும் நடக்காது. ஏறக்குறைய பதினாறு மாதங்கள், 1989 ஜனவரியில் வேறொருவர் நீதி அமைச்சராகும் வரை, இது நீடித்தது.

அவ்வருடம் மார்ச்சில் பாராளுமன்றத்தின் ஒம்புட்ஸ்மன் இது சட்டத்துக்கு முரண் என்று அறிக்கையிட்டார். ஏப்ரலில் பிரதமர் ஷ்லூட்டர் பாராளுமன்றத்தில் எழுந்து, கம்பளத்தின் கீழ் எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்ற பொருளில் பேசினார். அந்த வாசகமே பின்னர் அவர் கழுத்தைப் பிடித்தது. 1990இல் உயர் நீதிமன்ற நீதியரசர் மொகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையில் விசாரணை மன்றம் அமைந்தது. யார் எந்தக் குறிப்பை எழுதினார், யார் வாசித்தார், யாருக்கு எப்போது தெரிந்தது என்று சுமார் 6,000 பக்கங்களில் அறிக்கை வந்தது. அது வெளியான அன்றே பிரதமர் விலகினார். தனிச் சந்தை பிறந்து பதினான்கு நாட்கள்தான் ஆகியிருந்தன. ஐரோப்பிய சமூகத்தின் தலைமைப் பொறுப்பும் அந்த ஜனவரியில் டென்மார்க்கின் கையில் இருந்தது. நின் ஹன்சன் மீது அமைச்சர்களை விசாரிக்கும் விசேட நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 1910க்குப் பின் அந்த நீதிமன்றம் கூடியது அப்போதுதான். 1995 ஜூனில் அவருக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது.

தண்டனை சிறிது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹோர்ன்ஸ்லெட் மன்றம் அமைந்த அதே 1990இன் ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் புலிகளால் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வட மாகாணம் முழுவதிலுமாகச் சுமார் 75,000 பேர் அந்த நாட்களில் வீடிழந்தார்கள். அதற்காக எவரும் எந்த நீதிமன்றத்தின் முன்னும் நின்றதில்லை. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் தன் அறிக்கையில் இதைக் குறித்துச் சில பந்திகள் எழுதியது, அவ்வளவுதான். தாமதமான கோவைகளுக்காக ஓர் அரசாங்கம் போன செய்தியைப் புத்தளத்து முகாமிலிருந்து ஒருவர் வாசித்திருந்தால் அவருக்கு அது வேறு கிரகத்துச் செய்தியாகவே இருந்திருக்கும்.

ஆயினும் கதை அங்கே முடிந்திருந்தால் ஐரோப்பாவைப் புகழ்ந்துவிட்டுப் போகலாம். அதன் பின் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது.

நின் ஹன்சன் தண்டிக்கப்பட்ட 1995ஆம் வருடமே டேனிஷ் மக்கள் கட்சி உருவானது. வெளிநாட்டார் வருகைக்கு, சிறப்பாக முஸ்லிம்களுக்கு எதிரான பேச்சே அதன் மூலதனம். 2001 நவம்பர் தேர்தலில் அது 22 ஆசனங்களுடன் மூன்றாவது பெரிய கட்சியாகி, புதிய அரசாங்கத்துக்குத் தோள் கொடுத்தது. 2002இல் சட்டம் மாறியது. வெளிநாட்டிலிருந்து வாழ்க்கைத் துணையை அழைப்பதாயின் இருவருக்கும் 24 வயது ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். வங்கிப் பிணையும் கேட்டார்கள். டென்மார்க்கில் பிறந்த பிரஜைக்கும் இது பொருந்தும். 2000இல் திறக்கப்பட்ட ஓரசுன்ட் பாலத்தைக் கடந்து, சுவீடனின் மால்மோ நகரில் வீடு எடுத்து, ஐரோப்பிய நடமாட்டச் சுதந்திரத்தின் பேரில் தம் துணையுடன் குடித்தனம் நடத்தியவர்கள் பலர். காலையில் பாலம் கடந்து கொப்பன்ஹேகனுக்கு வேலை, இரவில் பாலம் கடந்து மனைவி. சந்தைக்காகக் கட்டிய பாலம் இப்படியும் உதவியது.

2015இல், தற்காலிகப் பாதுகாப்புப் பெற்ற அகதி குடும்பத்தை அழைக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள். 2016இல் அது மூன்று வருடமாயிற்று. சிரியாவிலிருந்து வந்த ஒரு வைத்தியர் தம் மனைவியை அழைக்க விண்ணப்பித்து மறுக்கப்பட்டு, ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனார். தனிப்பட்ட நிலைமையைப் பார்க்காமல் எல்லோரையும் மூன்று வருடம் நிறுத்திவைப்பது குடும்ப வாழ்வுரிமையை மீறுவது என்று 2021 ஜூலையில் தீர்ப்பாயிற்று. 1987இல் ஓர் அமைச்சர் பதினாறு மாதத் தாமதத்தைச் சட்டத்துக்கு ஒளித்துச் செய்தார், அகப்பட்டார். 2016இல் அதைவிட இரு மடங்குக்கு மேலான தாமதம் பாராளுமன்றத்தில் வாக்கெடுத்துச் சட்டமாயிற்று. யாழ்ப்பாணத்துப் பெண்களை வைத்துப் பரீட்சித்த முறை சிரியப் பெண்கள் மீது வர்த்தமானியில் ஏறியது என்றே நான் வாசிக்கிறேன்.

ஊருக்கு விடுமுறையில் வரும் டென்மார்க்கார அண்ணன்மாரிடம் இதைப் பற்றிக் கதைத்தால், ‘அவையள் வேற, நாங்கள் வேற’ என்ற பதிலைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். நாங்கள் வேலை செய்தோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம் என்பார்கள். உண்மைதான். ஆனால் 1987இல் கட்டின் அடியில் வைக்கப்பட்டபோது அவர்களைப் பற்றியும் அந்நாட்டில் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

2016 பெப்ரவரியில் குடிவரவு அமைச்சராயிருந்த இங்கர் ஸ்டோய்பெர்க், புகலிடம் கோரி வந்த தம்பதியரில் ஒருவர் 18 வயதுக்குக் குறைந்தவராயின் ஆளாளைப் பாராமல் அனைவரையும் பிரித்து வைக்கப் பணித்தார். பிள்ளை மணத்தைத் தடுப்பதற்கே என்றார். அந்த நோக்கத்தில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொருவர் நிலைமையையும் தனித்தனியே பரிசீலிக்க வேண்டும் என்பது சட்டம். 23 தம்பதியர் பிரிக்கப்பட்டார்கள். ஒம்புட்ஸ்மன் கண்டித்தார், விசாரணைக் குழு அமைந்தது. நின் ஹன்சனுக்குப் பின் அதே விசேட நீதிமன்றம் முதன்முறையாகக் கூடி, 2021 டிசம்பர் 13இல் அவருக்கு 60 நாள் சிறை விதித்தது. அதை வீட்டிலேயே காலில் மின்பட்டி கட்டிக் கழித்தார். பாராளுமன்றம் அவரைத் தகுதியற்றவர் என்று அதே மாதம் வெளியேற்றியது. 2022 ஜூனில் அவர் டென்மார்க் ஜனநாயகவாதிகள் என்ற கட்சியைத் தொடங்கினார். நவம்பர் முதலாம் திகதி தேர்தலில் அக்கட்சிக்கு 14 ஆசனங்கள் கிடைத்தன. வெளியேற்றப்பட்டுப் பதினொரு மாதங்கள் ஆகுமுன்பே, அக்கட்சியின் தலைவியாக அவர் பாராளுமன்றத்துக்குத் திரும்பினார்.