பேரேட்டில் பிறந்த கணினிகள்

மெய்நிகர் கணினிகளைக் கணக்கெடுத்து அறிக்கை தரும் ஸ்கிரிப்ட் ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால், சர்வர் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையைத்தான் காரணம் காட்டுவார்கள்: பத்து நூறாகி, நூறு ஆயிரமாகி, கையால் எழுதி மாளவில்லை என்பார்கள். இது பாதிதான் சரி. இந்தத் தொழிலின் தொடக்க காலத்தைப் பார்த்தால் எண்ணிக்கையைவிட அடிப்படையான ஒன்று மாறியிருப்பது தெரியும். முதலில் பேரேட்டில் பெயர் ஏறும், பிறகு கணினி பிறக்கும் என்றிருந்த வரிசை தலைகீழானது. ஸ்கிரிப்ட் அந்தப் புரட்டலின் விளைவு.

ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் மையத்தில் 1960களில் உருவான சிபி-40, சிபி-67 ஆகியவற்றின் வாரிசாக விஎம்/370 1972 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஒரே மெயின்பிரேமை ஆளுக்கொரு தனிக் கணினிபோல் காட்டுவது அதன் வேலை. அங்கே ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் டைரக்டரி என்ற பேரேட்டில் ஒரு பதிவு இருந்தாக வேண்டும். 'யூசர்' என்று தொடங்கும் வரியில் பெயர், கடவுச்சொல், நினைவக அளவு இருக்கும். அதன்கீழே 'எம்டிஸ்க்' வரிகள் எந்த வட்டில், எத்தனையாவது சிலிண்டரில் தொடங்கி, எத்தனை சிலிண்டர்கள் அந்தக் கணினிக்கு உரியவை என்று சொல்லும். பதிவு இல்லையேல் லாகின் இல்லை. லாகின் இல்லையேல் கணினியே இல்லை. நிர்வாகி ஓர் எண்ணைத் தப்பாக எழுதினால் ஒருவருடைய வட்டு இன்னொருவருடையதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். இதைப் பிடிக்கத்தான் டிஸ்க்மேப் என்ற கருவி இருந்தது. எம்டிஸ்க் வரிகளைத் தொகுத்து, எங்கே இடைவெளி, எங்கே ஒன்றன்மேல் ஒன்று என்று அறிக்கை தரும். இன்றைய அறிக்கைகளுக்கு அதைப் பாட்டி என்றே சொல்லலாம். ஆனால் அந்தப் பாட்டி கணினிகளைத் தேடி வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. பேரேட்டைப் படித்தாலே எல்லாக் கணினியும் அகப்பட்டுவிடும்.

விஎம்வேர் நிறுவனத்தின் வொர்க்ஸ்டேஷன் 1999இலும் இஎஸ்எக்ஸ் சர்வர் 2001இலும் வந்தபோது கணினி என்பது ஒரு ஃபோல்டராகிவிட்டது: அமைப்பைச் சொல்லும் விஎம்எக்ஸ் கோப்பு ஒன்று, வட்டாக நிற்கும் விஎம்டிகே கோப்பு ஒன்று, கூடவே சில்லறைகள். கோப்பு என்றால் காப்பி எடுக்கலாம். காப்பி எடுக்க எந்தப் பேரேடும் திறக்க வேண்டியதில்லை. இப்படிப் பெருகியவற்றைக் கணக்கெடுக்க ஸ்கிரிப்ட் தேவைப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 2006இல் பவர்ஷெல் என்ற கட்டளை மொழியை வெளியிட்டது. அதன்மேல் 2008இல் விஎம்வேர் தந்த டூல்கிட் மறு ஆண்டே பவர்சிஎல்ஐ என்று பெயர் மாறியது. கெட்-விஎம் என்று கேட்டு, வேண்டிய பத்திகளைப் பொறுக்கி, எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி என்று முடித்தால் ஒரே வரியில் கணக்கு எக்செலுக்கு வந்துவிடும். வந்ததைத் திறந்து பார்த்தால்தான் சங்கதி தெரியும். ஐபி முகவரிப் பத்தியில் முகவரிக்குப் பதில் 'சிஸ்டம்.ஸ்ட்ரிங்[]' என்று உட்கார்ந்திருக்கும். ஒரு கணினிக்குப் பல முகவரிகள் இருக்கக்கூடும் என்பதால் அவற்றை நாமே ஒட்டவைத்து அனுப்ப வேண்டும். சில வரிசைகளில் அதுவும் காலி, ஏனென்றால் முகவரியை வெளியே சொல்லும் விஎம்வேர் டூல்ஸ் உள்ளே ஓடவில்லை. வட்டு அளவோ இரண்டு பத்திகளில் வரும்: ஒதுக்கியது ஒன்று, உண்மையில் தின்றது ஒன்று. இந்தக் கணினி யாருடையது என்ற பத்தி மட்டும் தானாக வராது.

இஎஸ்எக்ஸ் சர்வர்களை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் விர்ச்சுவல் சென்டர் 2003இலேயே வந்துவிட்டதே, அதன் தரவுத்தளம் பேரேடு இல்லையா என்று கேட்கலாம். அது தன்னிடம் பதிவானதை மட்டுமே அறியும். அதன் மெனுவில் இரண்டு கட்டளைகள் உண்டு: ஒன்று இன்வென்டரியிலிருந்து நீக்கும், மற்றது வட்டிலிருந்தே அழிக்கும். முதலாவதைச் சொடுக்கினால் பெயர் போய்விடும், விஎம்டிகே கோப்போ இடத்தை அடைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். கெட்-விஎம் கண்ணுக்கு அது படாது. கோப்புகள் கிடக்கும் டேட்டாஸ்டோரைத் தனியாகத் துழாவ வேண்டும். கணினி உருவான தேதிகூட 2018இல் வந்த விஎம்வேரின் விஸ்பியர் 6.7இல்தான் அதன் விவரங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. அதுவரை நிகழ்வுப் பதிவுகளைத் தோண்ட வேண்டும், பழைய பதிவுகள் அழிந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டது. பிறந்த தேதி எழுதாத ஏட்டைப் பேரேடு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

மெயின்பிரேமில் கணினிகள் சொற்பம், அதனால் ஒழுங்கு எளிது என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அன்றாட வழக்கில் அது உண்மையும்கூட. ஆனால் 2000 வாக்கில் ஒரே மெயின்பிரேமில், விஎம்/370இன் வழிவந்த விஎம்மின்கீழ், 41,400 லினக்ஸ் கணினிகளை ஓட்டிக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. வேலை செய்யக்கூடிய ஏற்பாடாக அல்ல, எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்காக. அத்தனை பெருகியும், பேரேட்டுக்குத் தெரியாமல் ஒன்றுகூட எழுந்திருக்க வழியில்லை.

2014இல் டெராஃபார்ம் என்ற கருவி வந்தபின் வரிசை மறுபடி நேராகிவிட்டது என்பவர்கள் உண்டு. முதலில் கோப்பில் எழுது, அப்புறம் மேகத்தில் கணினி எழும். விஎம்/370 நிர்வாகிக்கு இது புதிதாகத் தோன்றாது. ஒரு வேறுபாடு இருக்கிறது. டைரக்டரியைத் தாண்டி உள்ளே வரக் கதவு இல்லை. மேகத்திலோ கன்சோல் என்ற பக்கவாசல் எந்நேரமும் திறந்திருக்கிறது. அவசரத்துக்கு அதன் வழியாக ஒருவர் எழுப்பிய கணினியை டெராஃபார்மின் பிளான் கட்டளை காட்டாது, தன் கோப்பில் இல்லாததைப் பற்றி அதற்குக் கவலையும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க அமேசானில் டிஸ்கிரைப்-இன்ஸ்டன்சஸ் என்று கேட்டு, வரும் விடையைக் கோப்போடு ஒப்பிடும் ஸ்கிரிப்ட் ஒன்றை நிர்வாகி மறுபடி எழுத உட்கார வேண்டியிருக்கிறது.