காய்ச்சலுக்குக் கூலி உண்டா?

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிப் புறப்படும் மின்தொடர்வண்டி முதலில் நிற்குமிடம் சானடோரியம். நோய் நீக்கும் இல்லமொன்று தன் பெயரையே ஊருக்கு ஈந்த வரலாறு அது! 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளர்க்கென அவ்வில்லத்தைக் கண்டார். 1937இல் அது அரசின் கைக்கு வந்தது. அந்நாளில் காசத்தைக் கொல்லும் மருந்து இல்லை. தூய காற்று, நல்லுணவு, ஓய்வு — இம்மூன்றே மருந்து. திங்கள் கணக்கில் படுத்திருக்க வேண்டும்.

படுத்திருக்க எவரால் முடியும்? நிலமுடையோன் படுத்தான், நெல் வீடு தேடி வந்தது. மாதச் சம்பளக்காரன் படுத்தான்; விடுப்பூதியம் வந்தது. நாட்கூலி படுத்தான், அவனோடு அடுப்பும் படுத்தது!

கொள்ளைநோயை அம்மனின் சீற்றம் என்றனர் முன்னோர். இல்லை, கிருமி என்றது அறிவியல். ஏற்றோம். ஆனால் காய்ச்சலோடு ஒருவன் வேலைக்கு நடக்கிறானே, அதற்கும் கிருமியா காரணம்? பசியன்றோ காரணம்! இந்த இரண்டாவது உண்மையை ஆட்சியாளர் அறிய நெடுங்காலம் ஆயிற்று.

பம்பாயில் பிளேக் பரவியபோது, 1897இல், வெள்ளையர் ஆட்சி கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றியது. நான்கே பிரிவுகள். அரசுக்கு அதிகாரம் உண்டு; மீறுவோர்க்குத் தண்டனை உண்டு; அதிகாரிகளுக்குப் பாதுகாப்பு உண்டு. நோயுற்ற தொழிலாளியின் கூலிக்கு? ஒரு விதியும் இல்லை! 1918இல் இன்புளூயன்சா வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை வாரிச் சென்றது. அப்போதும் சட்டம் அதே சட்டந்தான்.

அறிவுலகம் வேறு வழி கண்டிருந்தது. 1883லேயே ஜெர்மனி தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டம் செய்தது. இங்கே 1947இல் சென்னை மாகாணக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் நோய் விடுப்பை ஊதியத்தோடு அளித்தது. 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. அதன்படி நோயுற்ற தொழிலாளிக்கு ஆண்டுக்கு 91 நாள்வரை, கூலியில் நூற்றுக்கு எழுபது பங்கு கிடைக்கிறது. ஆனால் ஒப்பந்தக்காரர் ஏட்டில் பெயர் ஏறாதவனுக்கு அக்கதவு திறப்பதில்லை.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. 1897ஆம் ஆண்டுச் சட்டமே தூசி தட்டி எடுக்கப்பட்டது! அதன்பின், ஊரடங்கில் எவர் கூலியையும் குறைக்கலாகாது என்று மார்ச் 29இல் இந்திய அரசு ஆணையிட்டது. மகிழ்ந்தோம். மே 17இல் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. நோய் போய்விட்டதா? இல்லை, ஆணைதான் போயிற்று. ஐம்பது நாள் ஆயுள்!

2021 ஜூன் 7இல் மத்திய அரசு தன் ஊழியர்க்கு இருபது நாள்வரை விடுப்பு அளித்தது. பெற்றோர் நோயுற்றால் பதினைந்து நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பும் அளித்தது. நல்லது, குறை கூறோம். ஆசிரியராகிய நாமும் மருத்துவச் சான்று காட்டி விடுப்பெடுக்கும் உரிமையுடையோரே. ஆயினும் அன்று, கல்லூரி மூடிக் கிடக்க, நாம் வீட்டுத் திண்ணையில் நூல் படித்திருந்த வேளையில், தெருவில் குப்பை வண்டி தள்ளிவந்த அம்மையார் முந்தானையால் முகம் மூடி இருமினார். "ஒரு நாள் படுத்துக்கொள்ளுங்களேன் அம்மா" என்றோம். "படுத்தா யாருப்பா கூலி குடுப்பாங்க?" என்றார். விடை கூற நம்மிடம் ஏதுமில்லை. இன்றும் இல்லை.

செல்வ நாடும் விலக்கன்று. அமெரிக்கா 2020 மார்ச்சில் இரண்டு வார நோய் விடுப்பைச் சட்டமாக்கியது; அவ்வாண்டு டிசம்பர் 31இல் அக்கட்டாயம் காலாவதியாயிற்று. அடுத்து வந்த 2021 ஜனவரியிலேதான் அந்நாட்டில் கொரோனாச் சாவு உச்சம் தொட்டது. நாட்காட்டியைப் பார்த்து நோய் நடப்பதில்லை. சட்டம் மட்டும் ஏன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்?

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. எழுபது வட்டங்கள்! ஊர் வளர்ந்தது. 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரும் 'தூய்மைப் பணியாளர்' என மாறிற்று. பெயர் மாறினால் போதுமா? பிழைப்பு மாற வேண்டாவா?

நாம் கேட்பது கருணையன்று, கணக்கு. காய்ச்சலோடு வருபவர் ஒருவரால் ஒரு தெருவே நோயுறும். அவர்க்கு அளிக்கும் சில நாட்கூலி அத்தெருவையே காக்கும். ஆகவே, நிரந்தரமோ ஒப்பந்தமோ, நகரின் பணியைச் செய்வோர் எவராயினும், ஊதியத்தோடு கூடிய நோய் விடுப்பு அவர்தம் பணி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் அந்நோய் தணியும் மட்டும் அது நீட்டிக்கப்பட வேண்டும்.

இளைஞர்காள்! உங்கள் வட்டத்து உறுப்பினரிடம் சென்று இவ்வொரு கேள்வியைக் கேளுங்கள்: நம் தெருவைக் கூட்டுபவர்க்குக் காய்ச்சல் வந்தால் கூலி உண்டா? விடை வரும்வரை கேளுங்கள்.