ஒரே எண்ணில் இரண்டு தட்டுகள்

டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு: ஒரே ஐடி இரண்டு பதிவுகளுக்குப் போய்விடுவது. என் வேலையில் அப்படி நடந்தால் ஒரு ராத்திரி தூக்கம் போகும், அவ்வளவுதான். 1970களின் தொடக்கத்தில் ஒரு விமான எஞ்சின் பாகத்துக்கு அது நடந்திருக்கிறது. விசாரணை அறிக்கையில் அந்த இடத்தைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது.

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோவுக்குக் கிளம்பிய யுனைடெட் 232. டிசி-10 ரகம், உள்ளே 296 பேர். நடுவானில் வால் எஞ்சினின் முன்பக்க விசிறித் தட்டு உடைந்து சிதறியது. சில்லுகள் பட்டு மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போயின. கேப்டன் ஆல் ஹேன்ஸின் குழுவும், பயணியாக வந்திருந்த பயிற்றுநர் டென்னிஸ் ஃபிட்சும், மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே 44 நிமிடம் சமாளித்து அயோவாவின் சூ சிட்டி வரை கொண்டு வந்தார்கள். 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள்.

விமானிகளின் கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். என்னை இழுத்தது அந்தத் தட்டு.

அது டைட்டானியம் கலவை. 6% அலுமினியம், 4% வனேடியம், மீதி டைட்டானியம். விமானத் துறையில் அதிகம் புழங்குவது இதுதான். வலிமை சுமார் 900 மெகாபாஸ்கல். நல்ல எஃகுக்கு ஈடு. ஆனால் எடை? ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.4 கிராம்தான், எஃகில் 7.8. சுழலும் பாகத்துக்கு அதன் எடையேதான் எதிரி. கல்லைக் கயிற்றில் கட்டிச் சுற்றிப் பாருங்கள், கல் கனக்கக் கனக்கக் கயிறு விறைக்கும். அதனால்தான் விசிறித் தட்டுக்கு இந்தக் கலவை.

சிக்கல் இதை உருக்குவதில். சூடான டைட்டானியம் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் விடாமல் உறிஞ்சும். வழக்கமான மண் மூசையையும் அரித்துவிடும். அதனால் பஞ்சு மாதிரி இருக்கும் டைட்டானியத்தைக் கலவைப் பொருள்களோடு சேர்த்து அழுத்தித் தண்டாக்கி, வெற்றிடத்தில் மின்வில்லால் உருக்கி, தண்ணீர் ஓடும் செம்புப் பாத்திரத்தில் சொட்ட விடுவார்கள். பிறகு அந்தக் கட்டியையே தண்டாக்கி மறுபடி உருக்குவார்கள். எங்கேயாவது கொஞ்சம் நைட்ரஜன் புகுந்துவிட்டால், அந்த இடம் மட்டும் கடினமாய், கண்ணாடி போல நொறுங்குகிற துணுக்காகிவிடும். 'கடின ஆல்ஃபா' என்பார்கள். அது லேசில் கரையாது. உருகிய உலோகமோ சீக்கிரம் உறைந்துவிடும்.

நம்ம தட்டுக்கான கட்டி 1971 பிப்ரவரியில் உருக்கப்பட்டது. இரண்டு தடவைதான். எஞ்சின் தயாரித்த ஜி.ஈ., 1972இல் மூன்று தடவை உருக்க வேண்டும் என்று விதியை மாற்றியது. ஒரே வருஷ வித்தியாசம்!

தட்டின் நடுத்துளை ஓரத்தில் ஒரு கடின ஆல்ஃபா துணுக்கு இருந்திருக்கிறது. அது உதிர்ந்து விட்டுப்போன குழி சுமார் 1.4 மில்லிமீட்டர் நீளம், 0.4 மில்லிமீட்டர் ஆழம். அரிசியில் உடைந்த குருணை அளவு. அங்கே தொடங்கிய விரிசல் ஒவ்வொரு பறப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. 18,000 சுழற்சிகள் வரை ஓட்டலாம் என்று அனுமதி; 15,503இல் உடைந்தது. 1988இல், கடைசிப் பரிசோதனையின்போதே விரிசல் மேற்பரப்பில் கிட்டத்தட்ட அரை அங்குலம் இருந்திருக்கும் என்று கணித்தார்கள். ஒளிரும் திரவம் தடவிப் பார்க்கும் சோதனை அது. யார் கண்ணிலும் படவில்லை. பரிசோதிப்பதும் மனிதர்தானே, அந்த வரம்பை யோசித்து முறைகளை அமைக்கவில்லை என்பதைத்தான் விசாரணைக் குழு முதன்மைக் காரணமாகச் சொன்னது.

தட்டு கிடைத்தது அக்டோபரில், மக்காச்சோள அறுவடையின்போது, வயலில். அதன் வரிசை எண்ணை வைத்துப் பழைய ஆவணங்களைப் புரட்டினால், அதே எண்ணில் இரண்டு தட்டுகள்! ஒன்று மீயொலிச் சோதனையில் சந்தேகம் வந்து ஒதுக்கப்பட்டது. மற்றது எஞ்சினில் ஏறியது. இரண்டும் இடம் மாறிப்போயினவா? கேள்வி எழுந்தது. ஆனால் பதிவுகள் இருந்த லட்சணத்தில் திட்டவட்டமாக எதையும் சொல்ல முடியவில்லை.

அதன்பின் உருக்கும் முறை மாறியது. எலக்ட்ரான் கற்றையாலோ பிளாஸ்மாவாலோ உருக்கிய உலோகத்தைக் குளிர்ந்த செம்புத் தொட்டியில் மெதுவாக ஓடவிடும் முறை பரவலானது. கனமான கசடு அடியில் தங்கும், கடின ஆல்ஃபா கரைய நேரம் கிடைக்கும். எஞ்சின் வடிவமைப்பில் 'உலோகம் குறையில்லாதது' என்ற நம்பிக்கையும் போனது. குறை ஒன்று உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, தட்டின் ஆயுளைக் கணக்கிடச் சொல்லி 2001இல் அமெரிக்க விமானத்துறை வழிகாட்டுதல் வெளியிட்டது.

அறிக்கையை மூடிவிட்டு நான் செய்த முதல் வேலை, எங்கள் டேபிள்களில் எல்லாம் ஐடிக்கு யூனிக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார்த்தது. ஒன்றில் இல்லை. அன்றைக்கே போட்டுவிட்டேன்.